சோத்தைக் குறைச்சா எண்ணெயை எவ்வளவு கூட்டுறது? கேள்வி பதில்

மாச்சத்து குறைந்த சாப்பாட்டில் கொழுப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று நம்ம மலையகத்து ஆட்கள் கேட்டதற்கு என் பதில்கள்.

ஹட்டன்: அக்கா, சோறு, ரொட்டி ரெண்டையும் விட்டுட்டேன். கொழுப்பு நிறைய தின்னாத்தான் மெலியலாமாமே?

அப்படி இல்லை தம்பி. மாச்சத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கு, புரதம் குறையவே கூடாது. கொழுப்பு பசி அடங்கும் அளவுக்குத்தான்.

ஒரு நாளைக்கு உங்க உடம்புக்கு 1800 கலோரி வேணும்னு வைங்க. மாச்சத்து 50 கிராம், அது 200 கலோரி. புரதம் 75 கிராம், 300 கலோரி. மிச்சம் 1300. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, ஆக 144 கிராம். அதில் 50 கிராமை வயித்தில் சேர்ந்து கிடக்கிற கொழுப்பே கொடுக்கட்டும், அதுக்குத்தானே இந்தப் பாடு! தட்டில் 95 கிராம் போதும். மூணு முட்டையில் 15, ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 28, தேங்காய்ப்பூ 100 கிராமில் 33. கோழி, நிலக்கடலைன்னு மிச்சம் தானா வந்துடும். 144-ஐயும் தின்னு தீர்த்தா இடுப்பு இருந்த மாதிரியேதான் இருக்கும்.

தலவாக்கலை: மலையேறி கொழுந்து எடுக்கிறேன். பகலைக்குள்ளேயே கை நடுங்குது.

உங்களுக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்து வராது. ஏறி இறங்கி வேலை செய்றவங்க மாச்சத்தில் 50 கிராமுக்கு இறங்க வேண்டியதில்லைங்கறது என் எண்ணம். 100 கிராம் வரை வைச்சுக்கங்க, கொழுப்பையும் பயப்படாம கூட்டுங்க. பகலைக்கு ரெண்டு அவிச்ச முட்டை, சம்பல், ஒரு துண்டு கருவாடு கட்டிட்டுப் போங்க. முதல் கொஞ்ச நாளில் உடம்பிலிருந்து தண்ணியும் உப்பும் நிறையப் போகும். பிரஷர் இல்லைன்னா உப்பைக் குறைக்காதீங்க. சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுக்கிறவங்களா இருந்தா, அந்த நடுக்கம் ரத்தத்தில் சீனி இறங்குறதாவும் இருக்கலாம். உடனே சோதிங்க.

பண்டாரவளை: தேத்தண்ணியில பட்டர் போட்டுக் குடிக்கலாமா?

பசியில்லாம குடிக்கிற பட்டர் வீண் செலவு. அதை விடுங்க, சீனி எவ்வளவு போடுறீங்க? தரத்துக்கு ரெண்டு தேக்கரண்டி, அஞ்சு தரம் குடிச்சா 40 கிராம் மாச்சத்து. நாள் கோட்டா 50 கிராம் அதிலேயே கிட்டத்தட்ட முடிஞ்சது!

பதுளை: சீனி வருத்தத்துக்கு குளிசை போடுறேன். நாளையிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

வேணாம். கிளினிக் டொக்டரைப் பார்க்காம தொடங்கவே வேணாம். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுக்கிறவங்க மாச்சத்தை வெட்டினா சீனி திடீர்னு விழும். எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மருந்துன்னா இன்னும் கவனம்: சீனி அளவு சரியா காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிறது) ஏறி ஆளை விழுத்திடும்.

நுவரெலியா: தேங்காய் எண்ணெயால கொலஸ்ட்ரோல் கூடுமா?

கூடலாம். அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏத்தும். ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். தொடங்க முன்னம் ஒரு தடவை, மூணு மாசத்தில் இன்னொரு தடவை ரத்தம் பாருங்க. ஏறியிருந்தா எண்ணெயையும் பட்டரையும் குறைச்சு டின்மீன், நிலக்கடலை, பட்டர் ஃபுரூட் பக்கம் போங்க. பட்டர் ஃபுரூட்டைச் சீனி போட்டுப் பிசையுற பழக்கம் மட்டும் வேணாம். உப்பும் மிளகும் போட்டுப் பாருங்க, கருவாட்டுக்கு அருமையா இருக்கும்.

கொட்டகலை: பித்தப்பையில கல் இருக்கு.

கொழுப்பைக் கூட்டாதீங்க. முதல்ல சேர்ஜனைப் பாருங்க.