பழைய ஜெர்மன் சவரக்கத்தி: செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் இருக்கும் பழைய சவரக்கத்தியில் "சோலிங்கன்", "ஜெர்மனி" என்ற இரண்டு சொற்கள்தான் தெரிகின்றன, செய்த கம்பெனி எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோலிங்கன் கம்பெனி இல்லை, ஊர். டுசல்டார்ஃபுக்குப் பக்கத்தில், வுப்பர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அங்கே கத்திதான் தொழில். அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போடுபவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்திருந்த ஊர் அது. அதனால் கத்தியில் இருக்கும் பெயர் செய்தவருடையதாகவும் இருக்கலாம், வாங்கி விற்றவருடையதாகவும் இருக்கலாம். முதலில் இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இணைய ஏலத்தில் நான் ஒரு கத்தி எடுத்தேன். அலகின் மேல் பூவேலையோடு ஒரு பெயர். அதைத்தான் செய்த கம்பெனி என்று நினைத்து இரண்டு மாதம் தேடினேன். கடைசியில் பார்த்தால், முடிதிருத்துவோருக்குச் சாமான் விற்ற ஒரு அமெரிக்கக் கடையின் பெயர் அது. அலகின் மேல் இருப்பது பெரும்பாலும் விற்பனைக்காகப் போட்ட அலங்காரம். உண்மையான முத்திரை அலகுக்கும் (வெட்டும் தகடு) விரல் வைக்கும் வளைந்த வாலுக்கும் நடுவே, கழுத்து மாதிரி இருக்கும் தடித்த பகுதியில் அடித்திருக்கும். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கழுத்தைப் பார்த்தேன். துருவுக்கு அடியிலிருந்து தோளோடு தோள் நிற்கும் இரண்டு குட்டி மனித உருவங்கள் எழுந்து வந்தன. அந்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

அது ஜே. ஏ. ஹெங்கெல்ஸ் கம்பெனியின் இரட்டையர் குறி. பீட்டர் ஹெங்கெல்ஸ் என்பவர் 1731 ஜூன் 13 அன்று சோலிங்கன் கத்தித் தொழிலாளர் சங்கத்தில் பதிவு செய்தது. மேற்கத்தியர் கணக்கில் அது மிதுன ராசிக் காலம், அதனால்தான் இரட்டையர் என்று சொல்வார்கள். எழுத்து அழிந்தாலும் படம் இப்படிக் காட்டிக் கொடுக்கும். மரம் இருந்தால் போக்கர் என்ற சோலிங்கன் கம்பெனி. ஆனால் போக்கர் குடும்பத்தின் அமெரிக்கக் கிளையும் அதே மரத்தைப் போட்டிருக்கிறது; கூடவே ஊர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில சொற்கள் பெயர் மாதிரியே ஏமாற்றும். "ஹோல்கெஷ்லிஃபன்" என்றால் உட்குழிவாகச் சாணை பிடித்தது என்று அர்த்தம். "சில்பர்ஷ்டால்" ஒரு வகை எஃகு. "கெப்ரூடர்" என்றால் சகோதரர்கள். பெரும்பாலும் சுருக்கி முதல் நான்கு எழுத்தை மட்டும் அடித்திருப்பார்கள். அதற்கு அடுத்து வருவதுதான் குடும்பப் பெயர், அதைத் தேடுங்கள்.

காலத்தைக் கணிக்க "ஜெர்மனி" என்ற சொல் உதவும். ஜெர்மன்காரர்கள் தங்கள் நாட்டை டாய்ச்லாந்து என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று அடித்திருந்தால் ஏற்றுமதிக்காகச் செய்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949க்குப் பிறகு.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். என் முதல் கத்தியில் அந்தத் தவறைச் செய்து பாதி முத்திரையை அழித்துவிட்டேன், இனி அது யாருடையது என்று தெரியவே போவதில்லை. கொஞ்சம் எண்ணெய், மெல்லிய துணி, அவ்வளவு போதும். அப்புறம் சாக்பீஸ் பொடியைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெளிவாகும். கூர்முனை மேல் கவனம் இருக்கட்டும்.

கழுத்தின் இரண்டு பக்கத்தையும் அப்படிப் படமெடுத்துப் போடுங்கள். வாலும் பிடியும் தெரிகிற மாதிரி இன்னொன்று. பார்த்துச் சொல்கிறேன்.