சும்மா உட்கார்ந்திருந்தவர்

அன்புள்ள ஐயா,

2024 ஜனவரியில் குல்மார்க் போயிருந்தேன். பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்பது பல வருட ஆசை. மூன்று நாள் பயிற்சிக்கு முன்பணமும் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் காய்ந்த புல். பயிற்சியாளர் கடை வாசலில் கையில் டீயோடு சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று மாதப் பனியை நம்பி ஒருவர் எப்படி வாழ முடியும்? வேறு தொழிலுக்குப் போகலாமே? மறுபடி போவதென்றால் எந்த மாதம் நல்லது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

எந்த மாதம் என்பதைப் பயண முகவரிடம் கேளுங்கள். வேறு தொழிலும் அவர்கள் செய்கிறார்கள். கோடையில் ஆப்பிள் தோட்டம், குதிரை, மலையேற்ற வழிகாட்டல். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘சும்மா’ என்ற சொல்தான். சில நாட்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே ஜனவரியில் நானும் அங்கே இருந்தேன். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது விழும் பனிதான் இறுகி நிற்கும். பிறகு விழுவது சீக்கிரம் உருகிவிடும். அந்த வருடம் 40 நாளில் பெரும்பகுதி வறண்டே போனது.

என் பயிற்சியாளரும் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார், ஃபெரன் என்கிற நீண்ட தளர்ந்த அங்கிக்குள் காங்கிரியை, அதாவது கரி நெருப்புச் சட்டியை, அணைத்துக்கொண்டு. ஆனால் காலையில் கடையின் பின்கட்டில் அவரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாடகைக்கு விடும் ஸ்கீக்களை, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகைகளை, ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் ஓடும் எஃகுப் பட்டையை அரத்தால் தீட்டுவார். அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கித் தேய்ப்பார், ஆறியதும் சுரண்டுவார். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். விழும்போது அது கழன்றுகொள்ளாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். ஒரு ஆள் வராத நாளிலும் இதெல்லாம் நடந்தது. கூலி கிடையாது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை கொண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியில் மேலே அஃபர்வத் மலைக்குப் போய்விடுவார். அங்கே மெல்லிய பனி கிடந்தது. ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். குழி வெட்டி, அடியிலிருந்து ஒரு பிடி பனியை அள்ளி என் கையில் கொட்டினார். சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. மெல்லிய பனி கடுங்குளிரில் பல நாள் கிடந்தால் இப்படித்தான் பிடிப்பற்ற மணிகளாகிவிடும். பின்னால் அதன்மேல் கனமாகப் பனி விழுந்தால் மேலடுக்கு மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். எந்தச் சரிவில் இந்தச் சர்க்கரை கிடக்கிறது என்று பனி இல்லாத நாளில் பார்த்து வைத்தால்தான் பனி கொட்டிய பிறகு ஆட்களை எங்கே கூட்டிப்போகக் கூடாது என்று தெரியும். இதற்கா சும்மா என்று பெயர்? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற நாம், ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் எவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லை எடுத்து வீசிவிடுகிறோம்!

எனக்கு அவர் புல்லிலேயே பாடம் நடத்தினார். பூட்ஸ் மாட்டி நடக்க வைத்தார். முன்நுனிகளைச் சேர்த்து, குதிகாலை அகட்டி நிற்கச் சொன்னார். பக்கவாட்டில் விழச் சொன்னார். விழுந்தேன். எழுந்ததும் என் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லை அவரே குனிந்து தட்டிவிட்டார். ஒரு மாணவன் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. நான் ஊர் திரும்பியிருந்தேன். பிப்ரவரி 21-இல் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தொடங்கின. மறுநாளே அஃபர்வத் பகுதியில் பனிச்சரிவு, வெளிநாட்டவர் ஒருவர் இறந்துபோனார். பதறிப்போய் அழைத்தேன். “அந்தப் பக்கம் நான் யாரையும் கூட்டிப்போகவில்லை பாய்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை, எஸ். அவ்வளவு ஆசையோடு போய்க் காய்ந்த புல்லைப் பார்த்துத் திரும்புவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முன்பணத்தைத் திருப்பி வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் இந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.