பிட்கேர்ன் தீவுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பசிபிக் கடலில், நியூசிலாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே தன்னந்தனியாக இருக்கும் பிட்கேர்ன் தீவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. குரூஸ் கப்பலில் அங்கே போய் வந்தவள், அப்போதிலிருந்து அந்தத் தீவைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் பயணத் திட்டத்தில் பிட்கேர்னுக்கு ஒரு முழுப் பகல் போட்டிருக்கிறார்கள். அதற்குள் தீவைச் சுற்றிப் பார்த்துவிட முடியுமா?

பதில்: முதலில் உங்கள் கப்பல் ஆளை இறக்குகிறதா என்று கேளுங்கள். இரண்டாயிரம் பேர் வரும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் யாரையும் இறக்குவதில்லை, தீவுக்கு அருகே சில மணி நேரம் நின்றுவிட்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டிப் போய்விடும். நூறு, இருநூறு பேர் போகும் சின்னக் கப்பலென்றால் இறங்க வாய்ப்பு உண்டு, அதுவும் அன்றைய கடலைப் பொறுத்தது. அங்கே கப்பல் கட்ட துறைமுகமே கிடையாது. பவுண்டி விரிகுடா என்று (இந்தத் தீவில் குடியேறிய கலகக்காரர்களின் கப்பல் பெயர் பவுண்டி, கதை கீழே) ஒரு சின்ன ஒதுக்கிடம் இருக்கிறது, பாறைக்கும் நுரைக்கும் நடுவே, எந்த அலைக்குப் பின்னால் உள்ளே பாய வேண்டும் என்று தெரிந்த உள்ளூர்க்காரர்களே தங்கள் நீளப் படகுகளை ஓட்டி வருவார்கள். இறங்க முடியாது என்று கேப்டன் அறிவித்தால் வரவேற்பு மேசையில் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்தப் படகில் ஒருவர் கால் முறிந்தால் அடுத்த பெரிய மருத்துவமனை கடலில் பல நாள் தூரத்தில் இருக்கிறது.

நாள் முழுக்க இறங்காமலே போனாலும் ஏமாற்றம் வேண்டாம், தீவுக்காரர்களே கப்பலுக்கு வருவார்கள். அந்தப் பயணத்தில் நான் மறக்காத பகுதி அதுதான்.

கேள்வி: கப்பலுக்கு வருவார்கள் என்றால் எப்படி? எத்தனை பேர்?

பதில்: தீவின் மொத்த மக்கள்தொகையே ஐம்பதுக்குள்தான். முடிந்தவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அலுமினியப் படகு கப்பலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும், அது மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் தொங்கவிட்ட நூலேணியைப் பிடித்து, அறுபது வயதைத் தாண்டியவர்களும் விறுவிறுவென்று ஏறுவார்கள். பின்னாலேயே பிளாஸ்டிக் பெட்டிகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தில் மேசை மேசையாகச் சந்தை தயார். மீரோ மரத்தில் செதுக்கிய சுறா, பறக்கும் மீன், பவுண்டி கப்பலின் மாதிரி, பின்னிய கூடை, தபால்தலை, தேன், டீ ஷர்ட். செதுக்கியவரே எதிரில் நின்று விற்பார். மீரோ மரம் பெரும்பாலும் ஆளில்லாத ஹெண்டர்சன் தீவில் வெட்டியது, ஏறக்குறைய 190 கி.மீ. கடலில் போய் எடுத்து வர வேண்டும். அதனால் தயவுசெய்து அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு கப்பல்கள்தான் வருகின்றன, அந்த வருமானத்தில்தான் பல வீடுகளில் செலவு ஓடுகிறது.

கேள்வி: பணம் எந்த நாட்டுப் பணம்? கார்டு செல்லுமா?

பதில்: நியூசிலாந்து டாலர்தான் அங்கே புழக்கம். அமெரிக்க டாலரும் வாங்கிக்கொள்வார்கள். கார்டை நம்பாமல் சின்ன நோட்டுகளாக ரொக்கம் வைத்திருங்கள். நூறு டாலர் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

கேள்வி: தேன் வாங்கலாமா? ரொம்பப் பெயர் பெற்றது என்று கேள்விப்பட்டேன்.

பதில்: பெயருக்கு ஏற்ற தேன்தான். மற்ற இடங்களில் தேனீக்களை அழிக்கும் நோய்கள் அங்கே வரவில்லை. ஆனால் உங்கள் கப்பல் அடுத்து எங்கே போகிறது என்று பார்த்து வாங்குங்கள். சிலி, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் உணவுப் பொருள் சோதனை மிகக் கடுமை. மரச் சிற்பமானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். அதே போல நீங்கள் இறங்கும்போது பழம், விதை, தேன் எதையும் தீவுக்குள் கொண்டு போகாதீர்கள், காலணியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டுப் போங்கள். அங்குள்ள தேனீக்களுக்கு நோய் வந்தால் அந்தத் தொழில் அத்தோடு முடிந்தது.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இறங்க அனுமதித்தால் அவரால் முடியுமா?

பதில்: முழங்கால் நன்றாக இருந்தால் முடியும். கடினமான இடம் கப்பலிலிருந்து படகுக்கு மாறும் அந்த இரண்டு நொடிதான். கைப்பை, கேமரா எதுவும் கையில் இருக்கக் கூடாது, எல்லாம் முதுகுப் பையில். படகுக்காரர் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டுக்கு மேலே முன்கையைப் பிடிப்பார், அம்மாவும் அவர் முன்கையை அப்படியே பிடிக்க வேண்டும். படகு அலையோடு மேலே வந்து நிற்கும் கணத்தில் அவர் சொல்வார், அப்போது தயங்காமல் காலை வைக்க வேண்டும். தயங்கி நின்றால் படகு கீழே இறங்கிவிடும், ஆபத்து அங்கேதான். கரையிலிருந்து ஊருக்கு ஏறும் பாதை நல்ல செங்குத்து, அந்த ஏற்றத்துக்குப் பெயரே ‘கஷ்டக் குன்று’தான். நான்கு சக்கர பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், நடந்தே ஏறுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, வீட்டில் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ இருந்தால் அவர் இறங்காமல் இருப்பதே சரி. வயதானவர்கள் அதிகம் உள்ள ஊர் அது, ஒரு சளி வந்தால் ஊரே படுத்துவிடும்.

கேள்வி: மேலே ஊரில் என்ன இருக்கிறது?

பதில்: ஆடம்ஸ்டவுன் என்ற ஒரே ஊர். சதுக்கத்தில் பவுண்டியின் நங்கூரம், தேவாலயம், தபால் நிலையம், அருங்காட்சியகம். கலகக்காரர்களில் கடைசிவரை உயிரோடு இருந்த ஜான் ஆடம்ஸின் கல்லறை. நேரம் இருந்தால் செயின்ட் பால் குளத்தைக் காட்டச் சொல்லுங்கள், பாறைகளுக்கு நடுவே கடல் வந்து நிரம்பும் இடம்.

கேள்வி: பவுண்டி கதை சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1789 ஏப்ரல் 28 அன்று தாஹிதியிலிருந்து ஈரப்பலா (பிரெட்ஃப்ரூட்) நாற்றுகள் ஏற்றிப் போன பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம். கேப்டன் பிளையையும் 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். பிறகு ஒளிந்து வாழ இடம் தேடியபோது பிட்கேர்ன் அகப்பட்டது. 1767ல் அதைக் கண்ட ஆங்கிலேயக் கப்பல் வரைபடத்தில் 300 கி.மீ.க்கும் மேல் தள்ளிக் குறித்திருந்ததால், தேடி வருகிறவர்களுக்கு அது கிடைக்காது. 1790 ஜனவரியில் அங்கே இறங்கி, கப்பலையும் எரித்துவிட்டார்கள். 1808ல் ஓர் அமெரிக்கக் கப்பல் அங்கே வந்தபோது கலகக்காரர்களில் ஆடம்ஸ் ஒருவரே உயிரோடு இருந்தார், மற்றவர்களில் பெரும்பாலோர் கூடப் போன பொலினீசிய ஆண்களோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கூடப் போன தாஹிதிப் பெண்களில் பலர் விருப்பத்தோடு போகவில்லை, கப்பலில் இருக்கும்போதே நங்கூரம் எடுத்துக் கிளப்பிவிட்டார்கள். அந்தப் பெண்கள்தான் அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள். 1838லேயே அந்தத் தீவில் பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 2004ல் அங்கே நடந்த வழக்கு பற்றி அவர்களிடம் கேட்கலாமா மேடம்?

பதில்: சிறுமிகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக ஆண்கள் சிலர் விசாரிக்கப்பட்டு, பெரும்பாலோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை, போகும் முன் படித்துவிட்டுப் போங்கள். ஆனால் கூடை விற்க வந்த பெண்ணிடம், உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது, அதைக் கேட்காதீர்கள். எதிரில் நிற்பவர் பாதிக்கப்பட்டவராகவோ அவருடைய சகோதரியாகவோ இருக்கலாம்.

கேள்வி: சனிக்கிழமை போய்ச் சேர்ந்தால்?

பதில்: செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஊன்றிய தீவு, சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று வியாபாரம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். கப்பல் தேர்வு செய்யும்போதே கிழமையைப் பாருங்கள்.

கேள்வி: அஞ்சலட்டை போட்டால் சென்னைக்கு வருமா?

பதில்: வரும், மாதக்கணக்கில் ஆகும். விமானமே இறங்காத தீவு, சரக்குக் கப்பல் வந்து எடுத்துப் போனால்தான் தபால் நகரும். 1940 முதல் தனித் தபால்தலை வெளியிடுகிறார்கள், சேகரிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல பரிசு இல்லை. முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, பின்கோடும் ‘இந்தியா’வும் மறக்காமல் போடுங்கள்.

கேள்வி: கப்பல் தீவைச் சுற்றும்போது எந்தப் பக்கம் நிற்பது நல்லது?

பதில்: எந்தப் பக்கம் தீவு வரும் என்பது கேப்டன் எந்த வழியாகச் சுற்றுகிறார் என்பதைப் பொறுத்தது. காலையிலேயே கப்பல் ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். சில கேப்டன்கள் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி திரும்பியும் ஒரு சுற்று வருவார்கள். எதற்கும் பைனாகுலர் எடுத்துப் போங்கள், ஊருக்கு மேலே பாறைச் சரிவில் கிறிஸ்டியனின் குகை கறுப்பாகத் தெரியும்.