விஸ்கஸ் கப்ளிங்: மலைநாட்டு ஃபோர் வீல்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபோர் வீல் வண்டியில் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் முதல் பதில் நீளமானது. ஜாக்கியைக் கையில் எடுக்கும் முன் அதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஹட்டன்: பழைய லாண்ட் ரோவர் ஃப்ரீலாண்டர், மேனுவல் கியர். கொண்டை ஊசி வளைவில் வண்டி பின்னால் இழுபடுகிறது. கப்ளிங் போய்விட்டது என்கிறார் கராஜ் பாஸ். நானே பார்க்க முடியுமா ஐயா?

முடியும். கப்ளிங் ஒரு மூடிய உருளை. அதற்குள் துளை போட்ட தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் சேர்ந்தவை. இடையில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்வரை தொந்தரவு இல்லை. வேக வித்தியாசம் கூடினால் எண்ணெய் தடுக்கும், சூடாகி விரியும், கப்ளிங் இறுகும். பல வருடம் ஓடிய பிறகு எண்ணெய் கெட்டுப்போய், இறுகத் தேவையில்லாத நேரத்திலும் இறுகி நிற்கும். அப்போது அடி வாங்குவது முன்னாலுள்ள ஐ.ஆர்.டி. பெட்டியும் பின் டிஃபரன்ஸலும்தான். ஐ.ஆர்.டி. என்பது வலுவைப் பின்னால் அனுப்பும் கியர் பெட்டி, டிஃபரன்ஸல் என்பது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர். நம் பக்கம் நேர் ரோடே குறைவு. ஒவ்வொரு வளைவிலும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போகின்றன. அதனால் இறுகிய கப்ளிங் இங்கே சமவெளியைவிட வேகமாகச் சேதம் செய்யும்.

முதலில் சும்மா ஓட்டிப் பாருங்கள். சமதளமான தார் அல்லது கொங்கிரீட் தரை, ஸ்டீயரிங் முழுதாக ஒரு பக்கம், முதல் கியர், ஆக்சிலரேட்டரில் கால் வேண்டாம். நல்ல வண்டி தானாக வட்டமடிக்கும். பிரேக் பிடித்தது போல் தயங்கினால், டயர் தரையில் உரசி முனகினால் சந்தேகம் சரி. ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள்.

அடுத்தது ஒற்றைச் சக்கரச் சோதனை. தரை சமமாக இருக்க வேண்டும், இதைத் திரும்பவும் சொல்வேன். எஞ்சின் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும், தரையில் நிற்கப்போகும் பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை. முதல் கியர், ஆட்டோ என்றால் பார்க். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதால் அதை விட்டுவிட வேண்டும். கட்டை இவ்வளவு முக்கியமாவது அதனால்தான். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, பாடியை ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்.

இனி அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெதுவாகத் தள்ளினால் மெதுவாக நகர வேண்டும். வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு கூட வேண்டும். அளந்து பார்க்க விரும்பினால் நடு நட்டில் சாக்கெட்டும் நீளமான கம்பியும் மாட்டி, கம்பியின் நுனியில் 5 லீற்றர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள், ஏறக்குறைய 5 கிலோ வரும். நட்டு இறுகும் பக்கமாகவே எடை இழுக்க வேண்டும். இரண்டு இடத்தில் அடையாளம் போட்டு, கம்பி ஒன்றிலிருந்து மற்றதுக்கு இறங்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். சீராக இறங்கினால் கப்ளிங்குக்கு உயிர் இருக்கிறது. நிமிடக்கணக்கில் அசையாவிட்டால் இறுகிவிட்டது. தடையே இல்லாமல் விழுந்தால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. பிரேக் உரசினாலும் சக்கரம் இறுக்கமாகத்தான் சுற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் வண்டியின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். அதே கம்பி, அதே எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் வண்டி. நேரம் நீண்டுகொண்டே போனால் அதுதான் செய்தி.

நுவரெலியா: இங்கே காலையில் கடும் குளிர். சோதனையில் வித்தியாசம் வருமா?

வரும். குளிரில் எண்ணெய் தடிக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் விடியற்காலையில் எடுத்த நேரத்தையும் கண்டியில் மத்தியானம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண். ஓடி வந்த சூட்டோடும் செய்யாதீர்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, எப்போதும் அதே பொழுதில் செய்யுங்கள்.

பண்டாரவளை: டிஃபெண்டருக்கும் இதே சோதனையா?

இல்லை. அதில் விஸ்கஸ் கப்ளிங் கிடையாது, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள, லொக் செய்யும் சென்டர் டிஃபரன்ஸல்தான்.

பொகவந்தலாவை: பழைய ஹொண்டா சி.ஆர்.வி.?

அதுவும் வேறு அமைப்பு, எண்ணெய் அழுத்தத்தால் பின் சக்கரத்துக்கு வலு சேர்க்கும் இரட்டைப் பம்ப். பின் டிஃபரன்ஸலுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெயை ஊற்றுங்கள்.

பதுளை: இரண்டாம் தலைமுறை ஃப்ரீலாண்டர், 2008.

அதில் இருப்பது ஹால்டெக்ஸ், கணினி கட்டுப்படுத்தும் வேறு வகைக் கப்ளிங். இந்தச் சோதனை பொருந்தாது.

தலவாக்கலை: முன் டயர் இரண்டை மட்டும் மாற்றினேன். அதிலிருந்து வண்டி கனக்கிறது, அண்ணே.

கனக்கத்தான் செய்யும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. நேர் ரோட்டிலும் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகிறது. நாலும் ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். காசு இல்லாமல் இரண்டுதான் வாங்க முடியும் என்றால் ஃப்ரீலாண்டரில் புதியவை பின்னால் போக வேண்டும். முதலில் நாலிலும் காற்றைச் சரிபாருங்கள், பிறகு டயர்களை இடம் மாற்றி ஓட்டுங்கள். கப்ளிங்கைக் குறை சொல்வது அதற்கப்புறம்.

மஸ்கெலியா: பின்னால் வலு கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓட்டினால் என்ன? பெற்றோலும் மிச்சம்.

கப்ளிங் இறுகிவிட்டது என்று உறுதியானால், வேறு கிடைக்கும்வரை ஃப்ரீலாண்டரில் அப்படி ஓட்டலாம். ஐ.ஆர்.டி. உடைவதைவிட அது மேல். அதையே நிரந்தரமாக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

நோர்வூட்: ஏன் உடன்பட மாட்டீர்கள்? கழற்றி இரண்டு வருடமாகிறது. ஒரு குறையும் இல்லை.

தார் ரோட்டில் இருக்காது. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது, முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. மழையில் நனைந்த தோட்டத்து மண் ரோட்டில், ஆட்களோடு ஏறும்போது, எந்தச் சக்கரத்துக்கு வலு தேவையோ அதற்கு வலுவே போகவில்லை. மலையில் ஃபோர் வீல் வைத்திருப்பதே அந்த இடத்துக்காகத்தான்.

நோர்வூட்: என் வண்டி தோட்டத்துக்குள் போவதே இல்லை. ஹட்டனுக்கும் கண்டிக்கும்தான். புதிய கப்ளிங்கின் விலை தெரியுமா?

தெரியும், வலிக்கும் விலைதான். தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு உங்கள் கணக்கு நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹப்புத்தளை: அப்படிச் சொல்லாமல் விற்ற வண்டியைத்தான் நான் வாங்கினேன். தோட்டத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் ஏறும்போது பாதி வழியில் சறுக்கிப் பின்னால் வந்தது. நோர்வூட் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

தங்கச்சி, உங்கள் அனுபவத்துக்குப் பிறகு நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கும்போது கீழே குனிந்து பாருங்கள், ஷாஃப்ட் இருக்கிறதா என்று. இது எல்லோருக்கும்தான்.

நோர்வூட்: சரி, விற்றால் சொல்லித்தான் விற்பேன். டொயோட்டாவிலும் இப்படிக் கழற்றலாமா?

எல்லாவற்றிலும் முடியாது. சென்டர் டிஃபரன்ஸலோடு கப்ளிங் சேர்ந்த வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றினால், முழு வலுவும் அந்தக் கப்ளிங் வழியாகத்தான் முன்னால் போக வேண்டும். சூடாகிக் கெட்டுவிடும். அந்த வகை வண்டிகளில் ஒற்றைச் சக்கரச் சோதனையையும் நியூட்ரலில் செய்ய வேண்டும், கட்டைகளை இன்னும் கவனமாக வைத்து.

இராகலை: வீட்டு முற்றம் கொஞ்சம் சரிவு. பெரிய கல் வைத்தால் போதாதா?

போதாது.

வலப்பனை: லேசான சரிவுதான்...

லேசான சரிவும் சரிவுதான். ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஒரு சக்கரம் மேலே நிற்கிறது, கீழே உங்கள் கை இருக்கிறது. தொழிற்சாலை முற்றம், பாடசாலை மைதானத்து ஓரம், தெரிந்தவரின் கராஜ், எங்காவது சமதளம் தேடிப் போங்கள். கிடைக்காவிட்டால் வட்டமடிக்கும் சோதனையோடு நிறுத்துங்கள்.

லிந்துலை: ஒரு சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கியர் போட்டுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கும் வலு போகும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

இறம்பொடை: வண்டி நின்றுவிட்டது. முன்னால் தூக்கி இழுத்துப் போக ஆள் வந்திருக்கிறார்.

வேண்டாம், உடனே சொல்லி நிறுத்துங்கள். இரண்டு சக்கரம் மேலேயும் இரண்டு தரையிலும் வைத்து இழுத்தால், போகும் வழியெல்லாம் கப்ளிங் வேகும். தட்டையான லொறியில் ஏற்றச் சொல்லுங்கள்.

டிக்கோயா: கப்ளிங்கில் துளை போட்டுப் புது எண்ணெய் ஊற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

எந்தத் தடிப்புள்ள சிலிக்கோன் எண்ணெய், எவ்வளவு, உள்ளே எவ்வளவு காற்றிடம் விடுவார் என்று கேளுங்கள். எண்ணெய் விரிய அந்த இடம் வேண்டும். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். கியர் எண்ணெய் என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நானுஓயா: ஐயா, சரிவில் சோதிக்க வேறு வழி...

மேலே இராகலைக்கும் வலப்பனைக்கும் சொன்னதைப் படியுங்கள், தம்பி.