சுகமாக நிற்கிற மாடும் கோழியும் மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமக்குமா?

கேள்வி: தம்பலகாமத்தில் நான்கு கறவை மாடும் முப்பது ஊர்க்கோழியும் வைத்திருக்கிறோம். ஒன்றுக்கும் நோய் இல்லை. ஆனால் சுகமான மிருகங்களிலும் அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமி இருக்குமாம், எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று மகள் நிற்கிறாள். மாமிக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். கோழி வேலை முழுக்க அவர்தான். நோய் வராமலிருக்க, கடையில் தந்த மருந்தை மாதம் ஒருதரம் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து வைக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: மகள் கேள்விப்பட்டது உண்மைதான், சகோதரி. அதற்காக ஒன்றையும் விற்க வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்தத் தண்ணீர் மருந்தைத்தான், அதுவும் இன்றைக்கே.

மாட்டின் குடலிலும் கோழியின் குடலிலும் ஈ.கோலை போன்ற பக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் அவை தம்பாட்டில் கிடக்கும். அவற்றில் ஒரு சில மருந்தைத் தாங்கக்கூடியவை. அன்டிபயோட்டிக் உள்ளே போனதும் மற்றவை செத்துப்போக, தாங்குகிறவை அந்த இடத்தையும் பிடித்துப் பெருகும். கோழி அப்போதும் நன்றாக மேயும், முட்டையிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இதைவிடப் பொல்லாதது, மருந்தைத் தாங்க உதவும் மரபணுவை ஒரு பக்டீரியா பக்கத்திலிருக்கும் வேறு இனப் பக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். கோழியில் தொடங்கியது மனிதருக்கு நோய் தரும் கிருமிவரை போய்ச் சேர இது ஒரு வழி.

அந்தப் போத்தலை எடுத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். என்ரோஃப்ளொக்சசின் என்று இருந்தால், அது மிருகங்களுக்கான ஒரு அன்டிபயோட்டிக், மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளொக்சசினின் நெருங்கிய சொந்தம். உடலுக்குள் போனபின் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளொக்சசினாகவே மாறுகிறது. நாளைக்கு மாமிக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் டொக்டர் எழுதக்கூடிய மருந்து அது. கோழிகளுக்கு என்ரோஃப்ளொக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005 இல் தடை செய்தது. கோழி வழியாக வந்து மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் கம்பைலோபக்டர் கிருமி இந்த வகை மருந்துகளுக்கு மசியாமல் போனதுதான் காரணம்.

அதோடு, நீங்கள் பயப்படும் நோய்க்கு அந்த மருந்து உதவவும் மாட்டாது. ஊர்க்கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோவது அநேகமாக நியூகாசில் நோய், ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். அது வைரஸ். அன்டிபயோட்டிக் அதைத் தொடவே தொடாது. அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, கண்ணில் சொட்டாகவும் விடலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

நிறுத்தினால் அடங்காத கிருமி குறையுமா? பெரும்பாலும் குறையும். அவோபார்சின் என்ற மருந்தைக் கோழித் தீனியில் வளர்ச்சிக்காகக் கலப்பதை டென்மார்க் 1995 இல் நிறுத்தியது. அந்த வருடம் அங்கே கோழிகளில் எடுத்த ஒரு வகைக் குடல் பக்டீரியாவில் ஏறக்குறைய 73 வீதம் அந்த மருந்துக்கு அடங்காதவை. 2000 இல் அது 6 வீதத்துக்கு இறங்கியது. எல்லா மருந்திலும் இவ்வளவு வேகமாக இறங்காது, ஆனாலும் எனக்கு இது பெரிய நம்பிக்கை. சுகமான மிருகத்தைச் 'சுத்தமாக்க' என்று மட்டும் மருந்து கொடுத்துவிடாதீர்கள், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பாலுக்கு வருவோம். வடிவாகக் கொதிக்க வைத்தால் மருந்தைத் தாங்கும் கிருமியும் மற்றக் கிருமி மாதிரியே சாகும், சூட்டைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. கோழி இறைச்சியும் அப்படித்தான், உள்ளே சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் சம்பலுக்கு வெங்காயம் வெட்டுவதில்தான் ஆபத்து. மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பால் வேறு கதை. அதில் தங்கியிருக்கும் மருந்து கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தயிர் போடுகிறவர்களுக்கு அந்தப் பாலை விற்றால் முட்டியில் தயிர் உறையாமல் போகவும் கூடும். வைத்தியர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது, கன்றுக்கும் ஊற்றக் கூடாது. வீணாய்ப் போகிறதே என்று பலர் கன்றுக்குத்தான் ஊற்றுகிறார்கள். அடங்காத கிருமி கன்றின் குடலில் பெருக அதுவே போதும்.

பச்சைக் கோழி எருவைக் கீரைப்பாத்திக்குப் போடாதீர்கள். குவித்து, உள்ளே சூடேறி நன்றாக உக்கியபின் போடுங்கள்.

மாமியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் யோசனை. புண் ஆறும்வரை கூட்டைக் கூட்டுவதையும் சாணி அள்ளுவதையும் வேறு யாராவது செய்யட்டும். முற்றத்தில் இறங்கினால் புண்ணை மூடிக் கட்டி, மூடிய செருப்புப் போட வேண்டும். கோழியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் புண்ணைத் தொடக் கூடாது. வைத்தியசாலைக்குப் போனால், வீட்டில் மாடும் கோழியும் இருப்பதையும் அவற்றுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர் வைத்தியசாலையில் சேர வந்தால் மூக்கில் பஞ்சால் தொட்டெடுத்துச் சோதிப்பது வழமை, அங்கே பன்றிகளிடமிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற அடங்காத கிருமி தொற்றியிருக்கிறது. மாமிக்குக் கொடுக்கும் மருந்துக்குப் புண் ஆறும் அறிகுறி இல்லையென்றால், புண்ணிலிருந்து எடுத்துச் சோதித்து எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்க முடியுமா எனக் கேளுங்கள். பாமசியில் நீங்களாக வேறொன்றை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.