கரண்ட் பில் தணிக்கையோடு போன் பில்லும் பார்க்கலாமா?

கேள்வி: நிறுவனங்களின் மின்சார, தண்ணீர் பில்களைத் தணிக்கை செய்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குகிறேன். வாடிக்கையாளர்கள் சிலர் போன், இன்டர்நெட் பில்லையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம், முகவராகச் சேர்ந்தால் கமிஷன் தருவதாகச் சொல்கிறது. இரண்டையும் செய்யலாமா? இதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: தணிக்கையைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவர் வேலை இப்போது வேண்டாம்.

மீட்டரை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். போன் இணைப்பு அப்படிக் கண்ணில் படாது. கிளையை மூடிய பிறகும் அதன் லைனுக்கு வாடகை போய்க்கொண்டிருக்கும்; வேலையை விட்டுப் போனவரின் சிம்முக்கும் மாதாமாதம் பில் வரும். அதனால் முதல் வேலை கணக்கெடுப்புதான். பில்லில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று எழுதுங்கள். மீட்கும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பயன்பாடு பூஜ்யம் என்பதற்காக எந்த லைனையும் துண்டிக்கச் சொல்லிவிடாதீர்கள். லிஃப்டில் இருக்கும் அவசர போனும் தீ எச்சரிக்கைக் கருவியின் லைனும் மாதக்கணக்கில் பேசாமலே கிடக்கும். அவற்றை வெட்டினால் உயிருக்கே ஆபத்து. கட்டடப் பராமரிப்பாளரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, அழைப்பை எந்த அளவில் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். 20 விநாடி அழைப்புகள் 500 என்றால், விநாடிக் கணக்கில் சுமார் 167 நிமிடம். ஒவ்வொன்றையும் முழு நிமிடமாக்கினால் அதுவே 500 நிமிடம். குறுகிய அழைப்புகள் அதிகமுள்ள அலுவலகத்துக்கு இது பெரிய வித்தியாசம். அப்புறம், ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, இடையில் விலகினால் அபராதம் உண்டா, பில்லில் தவறென்று எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்பதையும் படித்துவிடுங்கள்.

கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன். லைனைக் குறைத்தால் உங்களுக்கு வாடிக்கையாளர் பணம் தருவார். புது லைன் விற்றால் அந்த நிறுவனம் தரும். இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, "இந்தத் திட்டம்தான் உங்களுக்கு நல்லது" என்று நீங்கள் சொன்னால் யார் நம்புவார்? பின்னால் முகவராகியே தீர வேண்டுமென்றால், கமிஷன் விவரத்தை வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் கட்டண ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டும். திரும்பக் கிடைக்கும் பணத்தில் மட்டும் பங்கா, இனி மிச்சமாவதிலும் பங்கா, அப்படியானால் எத்தனை மாதத்துக்கு என்று தெளிவாக எழுதுங்கள். சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

மென்பொருளுக்கு இப்போது செலவழிக்காதீர்கள். முதல் சில வாடிக்கையாளர்களுக்கு எக்செல் போதும். காகித பில்லுக்குப் பதிலாக, எக்செலில் திறக்கும் விவரக் கோப்பாகவே போன் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அதற்கு வாடிக்கையாளரின் அனுமதிக் கடிதம் தேவைப்படும். யார் யாரிடம் பேசினார்கள் என்பதும் அந்தக் கோப்பில் இருக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவதாக அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து, அப்படியே அழித்தும் விடுங்கள்.