ஆங்கிலத்தில் ‘ரன்’ (run) என்றால் ஓடுவது மட்டும்தானா?

சாதாரணதரத்துக்குப் படிக்கும் தங்கச்சி, ஓடுவது அதில் ஒரு பொருள்தான். ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் இந்த வினைக்கு 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், நிறைய எங்கள் பேச்சிலேயே இருக்கிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு பஸ் ‘ஓடுகிறது’, அங்கேயும் ரன்தான். மகாவலி கொட்டியாரக் குடாவுக்கு ஓடிவருவதும் அதே சொல். ஆனால் மெயின் வீதியில் கடை நடத்துவது, மூக்கு ஒழுகுவது, துவைத்த சட்டையில் சாயம் போவது, நடுக்கடலில் போட்டுக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துபோவது எல்லாமே ரன்!

எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்கர் தேர்தலில் ‘ஓடுவார்’, பிரிட்டிஷ்காரர் எங்களைப் போலவே ‘நிற்பார்’.

தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள், பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். ‘அவுட் ஆஃப்’ வந்தால் தீர்ந்துபோவது. ‘இன்டு’ வந்தால் மோதுவது, அல்லது ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது.